தாமிரம் மூளைக்குப் போகாதபோது: மென்கீஸ் நோய்

மென்கீஸ் நோயோடு பிறக்கும் குழந்தை முதல் ஒன்றிரண்டு மாதங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பிறகு வலிப்பு வரும், கழுத்து நிற்காது, அதுவரை முகம் பார்த்துச் சிரித்த பிள்ளை சிரிப்பதை நிறுத்திவிடும். முடி வெளிறி, முறுக்கிக்கொண்டு, தொட்டாலே ஒடியும். 1962-இல் மருத்துவர் ஜான் மென்கீஸ் இந்நோயை விவரித்தார். ஆஸ்திரேலியாவில் தாமிரம் குறைந்த மேய்ச்சல் நிலத்து ஆடுகளின் கம்பளி மயிரும் இப்படித்தான் இருக்கும் என்பதைக் கவனித்த மருத்துவர் டேவிட் டேங்க்ஸ், 1972-இல் காரணம் தாமிரக் குறைபாடே என்று காட்டினார்.

பாலில் தாமிரம் இருக்கிறது, குடல் செல்களும் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆனால் அங்கிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் ஏடிபி7ஏ என்ற புரதம் பழுதாகியிருப்பதால் தாமிரம் குடல் சுவரிலேயே தேங்கிவிடுகிறது. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையும் இடத்திலும் அதே புரதம்தான் வேண்டும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்குகிறது.

டோபமின், நார்அட்ரினலின் இரண்டும் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருட்கள். நரம்பு செல்லில் டோபமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதி தாமிரம் இல்லாமல் வேலை செய்யாது. செல்லுக்குள் அந்த நொதிக்குத் தாமிரம் கொடுப்பதும் ஏடிபி7ஏதான். ஆகவே டோபமின் மிஞ்சுகிறது, நார்அட்ரினலின் வற்றுகிறது. உடல் வெப்பம் சட்டென இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாக்க உதவும் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸ் என்ற நொதியும் தாமிரத்தை நம்பியிருப்பதால், வளரும் மூளை ஆற்றலின்றித் தவிக்கிறது. ரத்தக் குழாய்ச் சுவரை உறுதியாக்கும் நொதியும் முடங்குவதால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம். இதைப் பார்த்து யாரோ குழந்தையை அடித்துவிட்டார்கள் என்று தவறாகச் சந்தேகிக்கப்பட்ட பெற்றோரும் உண்டு.

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாமிரம் இயல்பாகவே குறைவு. அதனால் முதல் வாரங்களில் தாமிர அளவையும், ரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவையும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. டோபமினை மாற்ற முடியாமல் முடங்கிய அந்த நொதியே இங்கே துப்புக் கொடுக்கிறது: ரத்தத்தில் நார்அட்ரினலினை ஒப்பிட டோபமின் மிகுந்திருந்தால், அறிகுறி தோன்றும் முன்பே நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

வாய்வழி கொடுக்கும் தாமிரம் குடலைத் தாண்டாது. ஆகவே காப்பர் ஹிஸ்டிடினேட் என்ற தாமிர மருந்து, 250 மைக்ரோகிராம் தாமிரம் கிடைக்கும் அளவில், ஒரு வயது வரை தினம் இருமுறையும் அதன்பின் ஒருமுறையும் தோலுக்கடியில் ஊசியாகப் போடப்படுகிறது. பிறந்த 28 நாட்களுக்குள் தொடங்கினால்தான் மூளைக்கு நல்ல பலன். அதிலும் ஏடிபி7ஏ சிறிதாவது வேலை செய்யும் குழந்தைகளே நன்றாகத் தேறுகிறார்கள். வலிப்பு வந்தபின் ஊசி தொடங்கினால் ரத்தத்தில் தாமிரம் சீராகும், இழந்த மூளை வளர்ச்சி திரும்பாது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இந்நோய் இருந்திருந்தால், அடுத்து பிறக்கும் ஆண் குழந்தைக்கு அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் பிறந்த உடனேயே பரிசோதிக்க வேண்டும்.