நீர் தங்கும் காலம்

காற்றில் கலந்திருக்கும் நீராவி முழுவதும் ஒரே நேரத்தில் மழையாகப் பொழிந்தால், பூமிப் பரப்பின் மீது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கே தண்ணீர் நிற்கும். உலகின் சராசரி மழைப்பொழிவோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர். அப்படியென்றால் வளிமண்டலம் ஓராண்டில் சுமார் 40 முறை தன் ஈரத்தைக் கொட்டித் தீர்த்து மீண்டும் நிரப்பிக்கொள்கிறது. ஆவியாகி மேலே போன நீர் சராசரியாக 9 நாட்களில் கீழே திரும்பிவிடுகிறது.

நீர்ச் சுழற்சி என்றதும் பாடநூலில் பார்த்த அம்புக்குறிப் படம் நினைவுக்கு வரும்: கடல், மேகம், மழை, ஆறு, மறுபடியும் கடல். அந்தப் படம் காலத்தைக் காட்டுவதில்லை. காற்றில் 9 நாள் தங்கும் நீர், ஆற்றில் சில வாரங்களும், பெரிய ஏரிகளில் பல ஆண்டுகளும், ஆழமான பாறை அடுக்குகளில் பல்லாயிரம் ஆண்டுகளும் தங்குகிறது. பூமியிலுள்ள நீரின் மொத்த அளவு மனிதச் செயல்களால் மாறிவிடவில்லை. அது எங்கே, எவ்வளவு காலம் தங்கும் என்பதைத்தான் நாம் மாற்றிவிட்டோம். தண்ணீர் குறித்த நம் துன்பங்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன என்பது என் எண்ணம்.

நிலத்தின் மீது ஆண்டுதோறும் சுமார் 1,10,000 கன கிலோமீட்டர் மழையும் பனியும் விழுகின்றன. அதில் கடலைச் சென்று சேர்வது ஏறத்தாழ 40,000 மட்டுமே. எஞ்சியது நிலத்திலிருந்தே ஆவியாகிவிடுகிறது. அதிலும் பெரும்பங்கு இலைகளின் நுண்துளைகள் வழியாக. மண்ணின் ஆழத்தில் கிடக்கும் ஈரத்தை வெயில் எட்டாது, வேர் எட்டும். அதனால் மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் காடு காற்றுக்கு நீராவி கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி 1970களில் இதை அமேசான் மழைநீரைக் கொண்டே நிறுவினார். கனமான ஆக்சிஜன் அணுவைக் கொண்ட நீர் முதலில் மழையாகிவிடும். எனவே கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக மழைநீரில் அதன் பங்கு குறைந்துகொண்டே வர வேண்டும். அமேசானில் அது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. விழுந்த மழையை மரங்கள் உறிஞ்சி அப்படியே காற்றுக்குத் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். அந்தப் படுகையின் மழையில் ஏறக்குறைய பாதி இப்படிக் காடே மறுபடி தந்த நீர் என்று அவர் கணக்கிட்டார். அந்தக் காட்டை மேய்ச்சல் நிலமாக்கினால், காற்று வீசும் திசையில் வெகுதொலைவில் இருப்பவர்களுக்கு மழை குறைகிறது. மரத்தை வெட்டுபவரும் மழையை இழப்பவரும் ஒரே ஊரில் வாழ்வதில்லை. இந்த இழப்புக்குக் கணக்குக் கேட்க ஆளில்லாமல் போவது அதனால்தான்.

வெப்பமாதலின் விளைவு வேறு வகையானது. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். உலகின் மொத்த மழையோ 2 அல்லது 3 சதவீதமே கூடும். நீராவி குளிர்ந்து துளியாகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தை வளிமண்டலம் எந்த வேகத்தில் வெளியேற்ற முடியுமோ அந்த வேகத்தில்தான் மொத்த மழையும் பெருக முடியும். ஆகவே நீராவி காற்றில் சற்றுக் கூடுதல் காலம் தங்குகிறது, விழும்போது மொத்தமாகக் கொட்டுகிறது. மழையற்ற நாட்களில் அதே சூடான காற்று மண்ணின் ஈரத்தை முன்னைவிட வேகமாக உறிஞ்சுகிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே பகுதியை அடுத்தடுத்துத் தாக்குவதில் முரண்பாடு ஏதுமில்லை.

கொட்டும் மழை கான்கிரீட்டிலும் தார்ச்சாலையிலும் விழுந்தால் சில மணி நேரத்தில் வடிகால் வழியே ஓடிவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க வேண்டிய நீர் அது. இப்படி உள்ளே இறங்குவது குறைய, ஆழ்துளைக் கிணறுகள் வெளியே இறைப்பது பெருகியிருக்கிறது. மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது. 1993 முதல் 2010 வரை உலகின் நிலத்தடியிலிருந்து சுமார் 2.15 லட்சம் கோடி டன் நீர் குறைந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. வயல்களில் பாய்ந்த அந்த நீர் ஆவியாகியும் ஆறுகளில் வடிந்தும் முடிவில் கடலைச் சேர்ந்து, அதன் மட்டத்தை 6 மில்லிமீட்டருக்கு மேல் உயர்த்தியது. இவ்வளவு எடை இடம்பெயர்ந்ததால் பூமி சுழலும் அச்சின் முனையே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நகர்ந்ததாக 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

நிலத்தடியில் நிகழும் இன்னொரு மாற்றமே என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்கிறது. மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த அடுக்குகளில், துகள்களின் இடுக்குகளில் உள்ள நீரின் அழுத்தம் மேலிருக்கும் மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. நீரை இறைத்துவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் துகள்கள் மீது இறங்க, களிமண் இறுகுகிறது. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஓரிடத்தில் 1925 முதல் 1977 வரை தரை சுமார் 9 மீட்டர் தாழ்ந்துபோனது. மணல் அடுக்கு என்றால், செறிவூட்டல் குட்டைகள் அமைத்து மழைநீரை உள்ளே இறக்கினால் மறுபடி நிரம்பும். இறுகிய களிமண் பெரும்பாலும் மீண்டும் விரிவதில்லை. எவ்வளவு மழை பெய்தாலும், முன்பு அது வைத்திருந்த நீர் முழுவதையும் ஏற்க அங்கே இடம் இருக்காது.