தரம் ஒன்றுக்கு முந்திய விடுமுறையில் பிள்ளையோடு வாசிப்போம்

ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளைகள் தரம் ஒன்றில் சேர்க்கப்படுகிறார்கள். அதற்கு முந்திய ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள் நெருங்கும்போது, மலையகத் தோட்டங்களில் முன்பள்ளி நடத்தும் எங்களிடம் பெற்றோர் முதலில் கேட்பது, "டீச்சர், பிள்ளை எழுத்தெல்லாம் எழுதுதா?" என்பதுதான். சிலர் கொப்பி வாங்கிக் கொடுத்து, ஒரே எழுத்தைப் பக்கம் நிறைய எழுதவைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அக்கறையால் செய்வதுதான் என்றாலும், பென்சில் பிடிக்கவே இன்னும் பழகாத விரல்களுக்கு அது வலியையும் பாடத்தின் மீது வெறுப்பையுமே தருகிறது. தரம் 1, 2 அடங்கிய முதலாம் முதன்மை நிலையில் எழுத்து வேலையைவிட விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்குமே அதிக இடம் உண்டு. எழுத்தை அங்கே படிப்படியாகக் கற்பிப்பார்கள். பெரியவர் ஒருவரின் அருகில் உட்கார்ந்து கதை வாசிக்கக் கேட்கும் பழக்கத்தையோ வீட்டில்தான் தொடங்க வேண்டும்.

இதை நான் வலியுறுத்துவதற்கு முக்கியமான காரணம், நாம் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம். "ஆடு ஓடிப்போச்சு" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பாடநூலில் "ஆடு ஓடிச் சென்றது" என்பதைக் காணும்போது, எழுத்துகளைக் கூட்டி வாசிக்கும் சிரமத்தோடு, அதுவரை காதில் விழாத சொல்வடிவங்களையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துகளைச் சரியாக உச்சரித்தும் பொருள் விளங்காமல் திகைக்கும் பிள்ளைகள் பலரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே, கதையை முதலில் புத்தகத்தில் உள்ளபடியே வாசியுங்கள். பிறகு அதையே வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். பிள்ளை அதே புத்தகத்தை மறுபடி கேட்டால் சலிக்காமல் வாசியுங்கள், ஏனெனில் திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் அந்த வாக்கியங்கள் பிள்ளையின் சொந்த வாக்கியங்களாகின்றன.

கொழுந்து பறித்துவிட்டு மாலையில் களைத்துத் திரும்பும் தாய்க்கு நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். அதையும் தாயே செய்ய வேண்டும் என்றில்லை. பெற்றோர் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலை செய்வதால் அப்பாயி, அம்மாயியிடம் வளரும் பிள்ளைகள் நம்மிடையே ஏராளம். "எனக்கு வாசிக்கத் தெரியாதே" என்று அந்த மூத்தவர்கள் ஒதுங்கத் தேவையில்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், எழுத்தறியாத ஓர் அப்பாயி பேரனுக்குப் படப்புத்தகம் காட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். "இந்தத் தவள ஏன்டா கொட புடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசாமல் காத்திருந்தார். பையன் வெகுநேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அதுக்குச் சளி புடிச்சிருக்கு, அப்பாயி" என்றான். "அப்ப மருந்துக்கு எங்க போகும்?" "டிஸ்பென்சரிக்கு!" அடுத்த பக்கத்தைத் திருப்பும்முன் தவளைக்கு ஒரு வீடும் குடும்பமும் அமைந்துவிட்டன. காரணம் சொல்வது, அடுத்து நடப்பதை ஊகிப்பது, முழு வாக்கியத்தில் பதில் தருவது ஆகிய மூன்றையும் அந்தப் பிள்ளை அங்கே பழகியது.

அவர் காத்திருந்ததைத்தான் பெற்றோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நாம் பெரும்பாலும் கேள்வி கேட்டவுடனேயே பதிலையும் சொல்லிவிடுகிறோம். கைபேசியில் ஓடும் கதைக் காணொளியும் பிள்ளையின் பதிலுக்காக நிற்பதில்லை. அதனால் அதை வாசிப்புக்கு மாற்றாகக் கொள்ள முடியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் சொற்களின் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வாசித்தால், எழுத்து இடமிருந்து வலமாகச் செல்கிறது என்பதும், சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு என்பதும் தாமாகவே விளங்கும். நடுவில் நிறுத்தி "இது என்ன எழுத்து?" என்று சோதிக்க வேண்டாம், கதை அறுந்தால் ஆர்வமும் அறுந்துவிடும். ஒலிகளைப் பழக்க, "கல், கடல், கத்தரிக்காய்... இன்னும் என்ன இருக்கு?" என்று அடுப்படியில் வேலை செய்துகொண்டே விளையாடலாம். விடுகதையும் தாலாட்டும் இதே பயிற்சியைத் தருபவைதாம்.

புத்தகம் வாங்க வசதியில்லாதவர்கள் நகரசபை, பிரதேச சபை நூலகங்களின் சிறுவர் பகுதியை விசாரித்துப் பார்க்கலாம். பழைய பத்திரிகையின் சிறுவர் பக்கம், நாட்காட்டிப் படம், பிஸ்கட் உறை எதையும் வாசிக்கலாம். தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஆகஸ்டிலும் வெளியே விளையாட விடாது. பதுளைப் பக்கத்தில் டிசம்பர் மழை அப்படித்தான். லய அறைக்குள் அடைந்திருக்கும் அந்த மாலைகள் இதற்கு ஏற்றவை.

ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. நான்கு வயது கடந்தும் பிள்ளை வாக்கியமாகப் பேசவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை, படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறது என்றால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாமல், தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, செவியையும் கண்ணையும் அந்த விடுமுறைக்குள்ளேயே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.