தொப்பியைத் தூக்குமுன் விளக்கை அணையுங்கள்

‘இரண்டாம் உலகப் போர்க் காலத்தது’ என்று சொல்லி பிரிட்டிஷ் ராணுவத் தொப்பி ஒன்றை நீட்டுகிறார்கள். விற்பவர் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டுவார். பழக்கப்பட்ட சேகரிப்பாளர் அதைப் பிறகுதான் பார்ப்பார். முதல் வேலையாக அறை விளக்கை அணைப்பார்.

கையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். இருட்டில் அடித்தால் பழைய பருத்தி நூல் மங்கலாகவே கிடக்கும். சில தொப்பிகளில் தையல் மட்டும் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்னர் என்ற ரசாயனம் செய்யும் வேலை அது. வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் வெறும் சாயம், மஞ்சளை அமுக்கிக் காட்டும். பிரைட்னரோ கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கி, நீல ஒளியாகக் கக்கும். குதிரைச் செஸ்ட்நட் மரத்தில் உள்ள எஸ்குலின் என்ற பொருளுக்கு இந்தக் குணம் இருப்பதைத் துணியில் பயன்படுத்தலாம் என்று 1929இல் ஜெர்மன் வேதியியலர் பால் கிரைஸ் காட்டினார். ஆனால் நூலிலும் சோப்புத்தூளிலும் இது பரவலானது போருக்குப் பிறகுதான். 1940ஆம் ஆண்டுத் தொப்பியின் தையல் ஒளிர்ந்தால் இடிப்பது அதனால்தான்.

அதற்காக உடனே போலி என்றுவிட முடியாது. பின்னாளில் யாரோ சோப்புத்தூளில் அலசியிருந்தால் அசல் தொப்பியும் ஒளிரும். ஆனால் அப்போது உள்துணியும் சேர்ந்தே ஒளிரும். நூல் மட்டும் தனியாக மின்னினால், அந்தத் தையல் பின்னாளில் போட்டது. அது பழுது பார்த்ததாகவும் இருக்கலாம். ஒளிரவே இல்லையென்றால் அசல் என்றும் அர்த்தமில்லை. பிரைட்னர் சேராத நூல் இன்றைக்கும் கிடைக்கிறது, போலி செய்பவருக்கும் இது தெரியும்.

அடுத்து, கிரீடம் உள்ள சின்னமென்றால் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். 1901 முதல் இருந்த டியூடர் கிரீடத்தின் வளைவு மேலே புடைத்திருக்கும். 1952இல் இரண்டாம் எலிசபெத் அரசியானபின் வந்ததில் உச்சி நடுவே பள்ளமாக இறங்கும். ‘1943’ லேபிளும் பள்ளக் கிரீடமும் ஒரே தொப்பியில் இருந்தால் சின்னமோ லேபிளோ மாற்றப்பட்டிருக்கிறது. 2022இல் மன்னர் சார்ல்ஸ் மீண்டும் டியூடர் பாணிக்கே திரும்பியதில், புடைத்த கிரீடம் இருந்தாலே பழசு என்று சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

எனக்கு இவற்றைவிட நம்பிக்கை, உள்ளே ஓடும் தோல் பட்டைமேல்தான். ஒருவர் வருடக்கணக்கில் அணிந்திருந்தால் வியர்வையின் உப்பும் எண்ணெயும் நெற்றிப் பக்கம் கறுப்பாக ஏறி, தோல் அங்கேதான் முதலில் வெடிக்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் ‘பழசாக்கிய’ தொப்பி சுற்றிலும் ஒரே நிறமாக இருக்கும்.