ஜர்னிமேன் என்றால் பயணி அல்ல

லண்டன் தையற்காரர்களின் வரலாற்றைச் சொல்லும் ஒரு கட்டுரையில் மறுபடியும் ‘பயணத் தையற்காரர்கள்’. ஜர்னிமேன் (journeyman) என்ற ஆங்கிலச் சொல்லை இப்படிப் பெயர்ப்பதை இனியாவது நிறுத்துங்கள். அவர்கள் எங்கும் பயணம் போகவில்லை, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பட்டறையில் உட்கார்ந்து தைத்தவர்கள்.

பிரெஞ்சில் ‘ஜூர்னே’ என்றால் ஒரு பகல், ஒரு நாள் வேலை. அதிலிருந்து வந்த ஜர்னிகூட முதலில் ஒரு நாளில் போகும் தூரம்தான். ஆக, ஜர்னிமேன் நாள் கணக்கில் கூலி வாங்குபவர். தொழில் பழகி முடித்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாதவர். இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு ஆண்டு பழக வேண்டும், அந்த விதி 1814இல்தான் நீங்கியது. பழகி முடித்தும் பட்டறை வைக்கக் கையில் முதல் இல்லாமல் கடைசிவரை கூலிக்கே இருந்தவர்கள் ஏராளம். லண்டன் தையற்காரர்கள் கூலி உயர்வுக்காகக் கூட்டுச் சேர்ந்தபோது, 1721இல் நாடாளுமன்றம் அதைத் தடைசெய்து அவர்களின் நாட்கூலிக்கு உச்சவரம்பும் வைத்தது. ‘பயண’ என்று எழுதிவிட்டால் சண்டை எதைப் பற்றியது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

ஜெர்மனியில் தொழில் பழகியவர்கள் மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராகப் போய் வேலை செய்வார்களே என்று பதில் வரும். சரி, அந்த வழக்கம் உண்மை, இன்றும் அகல விளிம்புத் தொப்பியோடு சிலர் கிளம்புகிறார்கள். ஆனால் ஜெர்மன்காரர்கள் அவர்களை அழைக்கும் ‘கெசெல்லெ’ என்ற சொல்லிலும் பயணம் இல்லை, ஒரே கூடத்தில் உடன் தங்கும் தோழர் என்பதே அதன் மூலப்பொருள். ஊர் சுற்றுவதைச் சொல்ல அவர்களே முன்னால் இன்னொரு சொல்லைச் சேர்க்கிறார்கள். அதை எடுத்து இங்கிலாந்துக்காரர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

‘தினக்கூலி’ என்று போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. இன்று அந்தச் சொல் கைத்தொழில் தெரியாதவரையே நினைவூட்டுகிறது, ஏழு ஆண்டுப் பழக்கம் அதில் காணாமல் போகும். ‘கூலிக் கைவினைஞர்’ என்பதே பொருத்தம். நெசவு ஊர்களில் கூலி நெசவாளர் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள், அவருக்கு நெய்யத் தெரியாது என்று யாரும் நினைப்பதில்லை. கூலித் தையற்காரர், கூலித் தச்சர் என்று தொழிலுக்கு ஏற்ப நீட்டிக்கொள்ளலாம்.

தொழில் பழகுபவர், கூலிக் கைவினைஞர், பட்டறை வைத்திருப்பவர் என்ற மூன்று படிகளில் மற்ற இரண்டையும் இதே போலத்தான் கெடுக்கிறார்கள். பழகும் பையனுக்குத் ‘தொழில் பழகுநர்’ என்ற தெளிவான சொல் இருக்க, ‘பயிற்சியாளர்’ என்று எழுதி அவனைக் கற்றுக்கொடுப்பவனாக்குகிறார்கள். பட்டறை வைத்திருக்கும் மாஸ்டரை, ‘மேஸ்திரி’ என்ற சொல் இருக்க, ‘எஜமானர்’ என்கிறார்கள். போர்த்துகீசிய ‘மெஸ்த்ரெ’ நம் கட்டடங்களில் எப்போதோ மேஸ்திரியாகிவிட்டது, அதுவும் மாஸ்டரும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. அகராதியைத் திறக்கும் முன் பக்கத்துப் பட்டறையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.