கரிசலில் ஏர் இறங்கும் பதம்

கோவில்பட்டிப் பக்கம் கோடையில் கரிசல் காட்டுக்குள் நடந்தால் வெடிப்புகளில் கால் இறங்கிவிடும். ஐப்பசி மழை பெய்த மறுநாள் அதே காட்டில் நடந்தால் செருப்பைப் பிடுங்கி எடுக்கவேண்டும். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. இரண்டுக்கும் நடுவே சில நாட்கள் மட்டும் அந்த மண் கையில் பொலபொலவென்று உதிரும். அதைத்தான் உழவர்கள் பதம் என்கிறார்கள். மண்ணியலில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இந்தப் பதம்தான்.

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. பெரும்பாலும் தகடு போன்றது. ஈரம் வற்றினால் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் நீர் சேர்ந்தால் பிடி தளரும், மண் பொலபொலப்பாகும். இன்னும் சேர்ந்தால் ஒவ்வொரு தகட்டையும் நீர்ப்படலம் சூழ்ந்துகொள்ள, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும், ஆனால் பிரியாது. அழுத்திய வடிவத்திலேயே நிற்கும் இந்தக் குழைவுதான் குயவருக்குப் பானையைத் தருகிறது. மணலில் தகடுகள் இல்லை, ஆகவே குழைவும் இல்லை.

இந்த நிலைகளுக்கு எல்லை வகுத்தவர் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பர்க். 1911இல் அவர் வெளியிட்ட முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது: ஈர மண்ணை உள்ளங்கையால் உருட்டித் திரியாக்குங்கள். இன்றைய ஆய்வகங்களில் திரி சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்போது உடைந்து நொறுங்கினால், அந்த ஈரம்தான் குழைவு வரம்பு. கட்டடப் பொறியாளர்கள் இன்றும் இதைக் கைவிடவில்லை. வயலிலும் இதைச் செய்யலாம். ஆனால் மேல்மண் முதலில் காய்ந்து ஏமாற்றும். கொழு, அதாவது ஏரின் இரும்பு முனை, இறங்கும் ஆழத்திலிருந்து மண் எடுக்கவேண்டும். திரி உடையாமல் நீண்டால் அன்று ஏரையோ டிராக்டரையோ இறக்கக்கூடாது.

இறக்கினால் என்ன ஆகும்? நல்ல மண் வெறும் துகள் குவியல் அல்ல. வேர்களும் பூஞ்சை இழைகளும் மண்புழுவின் எச்சமும் மக்கின் பசையும் சேர்ந்து துகள்களைச் சிறு மணிகளாகக் கோத்திருக்கும். காற்றும் நீரும் நடமாடுவது அந்த மணிகளுக்கு இடையில்தான். குழைவான ஈரத்தில் கொழு அவற்றைத் தேய்த்து மெழுகிவிடுகிறது. காய்ந்ததும் மண்ணாங்கட்டி. பல ஆண்டுகளில் உருவான கட்டமைப்பை ஒரு காலைப்பொழுதில் இழக்கிறோம் என்பதுதான் என்னை வருத்துகிறது.

நெல்வயலில் மட்டும் வேண்டுமென்றே இதைச் செய்கிறோம். சேற்றுழவு மணிகளைக் கரைத்து நீர் இறங்காமல் அடைக்கிறது. காவிரிப் படுகையில் அறுவடைக்குச் சில நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். மிச்ச ஈரம் வீணாவதில்லை. கட்டி கட்டியாகப் பெயரும் அந்தச் சேற்றுமண்ணை உழவும் தேவையில்லை.

கரிசலுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. அதிலுள்ள ஸ்மெக்டைட் கனிமத்தின் அடுக்குகளுக்குள்ளேயே நீர் புகுந்து அதை உப்பவைக்கும்; வற்றினால் சுருங்கும். தவறான ஈரத்தில் உழுத கட்டிகூடச் சில முறை நனைந்து காய்ந்தால் தானே பிளந்து உதிரத் தொடங்கும். செவல் மண்ணில், அதாவது செம்மண்ணில், மிகுதியாக இருக்கும் கேயோலினைட் என்ற களிமண் கனிமத்தின் அடுக்குகளுக்குள் நீர் நுழைவதில்லை. அங்கே கட்டமைப்பு குலைந்தால் தொழுவுரமும் வேர்களும்தான் அதை மறுபடி கட்டவேண்டும். அதற்குப் பல பருவங்கள் ஆகும்.