கயிற்றுக்கு நாலு விரல் அப்பால்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் கரையில் கால்பந்துக்கு நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் என்று கரை நெடுக, வலை பொத்துகிற வேலை போக மிச்சப் பொழுதெல்லாம் மணலில்தான் கழியும். இரண்டு சவுக்குக் கம்பு, மேலே ஒரு மூங்கில், பின்னால் கடலுக்கு உதவாத பழைய வலை. கோல் கோட்டுக்கு, சுண்டு விரல் பருமனில் ஒரு நைலான் கயிற்றை இழுத்து இரண்டு பக்கமும் முளை அடித்திருப்பார்கள். அவ்வளவுதான் மைதானம்.

போன வாரம் தங்கச்சிமடத்துக் கரையில் நடந்த ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம். ஒரு பையன் இடது பக்கத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து மூங்கிலின் அடிப்பக்கத்தில் மோதி, நேராகக் கீழே விழுந்து, மணலில் குத்தி, வந்த வழியே வெளியே துள்ளியது. தடுப்பாட்டக்காரன் அதைக் கடலை நோக்கி உதைத்துவிட்டான். அப்புறம் ஆட்டம் நடக்கவில்லை. "அண்ணே, கயித்தத் தாண்டித்தான் குத்துச்சு, என் கண்ணால பாத்தேன்ணே" என்று ஒருவன். "இல்ல மாப்ள, பந்து கயித்து மேலதான் இருந்துச்சு" என்று இன்னொருவன். தண்ணீர் வற்றிய ஈர மணல் என்பதால் பந்து குத்திய இடத்தில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. ரெஃப்ரியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார்கள். கயிற்றிலிருந்து குழியின் நடுப்பகுதி வரைக்கும் நாலு விரல் இடைவெளி. கயிற்றுக்கு அந்தப் பக்கம், கோலுக்குள்தான். அவர் குனிந்து பார்த்தார், விசில் அடித்து கோல் கொடுத்தார்.

அது கோல் இல்லை. அந்தக் குழியே அதற்குச் சாட்சி. ஆனால் ரெஃப்ரி மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்த்ததைத்தான் சொன்னார். கத்திய இரண்டு பக்கமும்கூடப் பொய் சொல்லவில்லை.

முதலில் விதியைப் பார்ப்போம். கோல் என்றால் பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகக் கடக்க வேண்டும். பாதி போதாது, முக்கால் போதாது. கோட்டின் உள் விளிம்புக்கு மேலே பந்தின் ஒரு நூல் அளவு தொங்கிக்கொண்டிருந்தாலும் கோல் கிடையாது. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் விட்டம் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், ஆரம் 11. உருண்டையான பொருள் தரையைத் தொடுவது அதன் அடியில், ஒரு சிறு இடத்தில்தான். அந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் 11 சென்டிமீட்டருக்கு அதன் வயிறு பிதுங்கி நிற்கிறது. நாலு விரல் என்பது 7, 8 சென்டிமீட்டர். ஆக, குழி உள்ளே இருந்தாலும் பந்தின் வயிறு கயிற்றின் மேல் வந்து, இன்னும் மூன்று சென்டிமீட்டர் மைதானப் பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. கயிற்றுக்கும் பந்துக்கும் நடுவே கண்ணுக்கு மணல் தெரிந்திருக்கும். அப்படி மணல் தெரிந்தாலும் கோல் ஆகாது என்பதை நம்ப மனம் லேசில் இடம் தராது.

இதே கணக்கு 2022 உலகக் கோப்பையில் ஒரு நாட்டையே வெளியே அனுப்பியது. ஜப்பானுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த ஆட்டத்தில், கோல் கோட்டைத் தாண்டிப் போவது போலிருந்த பந்தை ஜப்பானின் மிடோமா எட்டி உள்ளே தட்ட, தனாகா அதை கோலாக்கினார். பந்து வெளியே போய்விட்டது என்று உலகமே கத்தியது. புகைப்படங்களில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே புல் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நேர் மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் வயிறு சில மில்லிமீட்டர் கோட்டின் மேல் இருந்தது. பந்து வெளியே போவதற்கும் அதே விதிதான், முழுப் பந்தும் கடக்க வேண்டும். கோல் நின்றது, ஜப்பான் 2-1 என்று வென்றது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி ஊருக்குக் கிளம்பியது.

சரி, பந்து குத்திய பிறகு இன்னும் உள்ளே போயிருக்கலாமே என்று டீக்கடையில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பந்து மேல்நோக்கி வந்து மூங்கிலின் அடிப்பக்கத்தில் உரசும்போது பந்தின் உச்சி மட்டும் பின்னுக்கு இழுபடுகிறது. அதனால் பந்து பின்பக்கமாகச் சுழல ஆரம்பிக்கிறது. அப்படிச் சுழல்கிற பந்து தரையில் குத்தியதும் மணல் அதைப் பிடித்து, வந்த திசைக்கே தள்ளிவிடுகிறது. பாரில், அதாவது கோலின் மேல் குறுக்குக் கம்பில், பட்டு விழுகிற பந்துகள் பல நேரம் வெளியே துள்ளி வருவது இதனால்தான். எங்கள் பந்தும் அப்படித்தான் வந்தது. ஆகவே குழி இருக்கும் இடம்தான் அது போன கடைசி ஆழம். ஈர மணல் எங்களுக்கு அன்றைக்குக் கொடுத்த தடயம் 1966இல் வெம்ப்ளி மைதானத்தில் கிடைக்கவில்லை. அந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்தும் இதே போல பாரில் பட்டு, கோட்டருகே குத்தி, வெளியே வந்தது. ரெஃப்ரி டீன்ஸ்ட் நேராகப் போய் லைன்ஸ்மேன் பஹ்ராமோவிடம் கேட்டார், அவர் கோல் என்றார். இங்கிலாந்து 4-2 என்று மேற்கு ஜெர்மனியை வென்றது. 1990களில் ஆக்ஸ்போர்டு பொறியியலாளர்கள் அந்தப் படச்சுருளைக் கணினியில் அளந்து, பந்து முழுதாகக் கடக்கவில்லை என்றார்கள். பஹ்ராமோவின் பெயர் இன்று அஜர்பைஜானின் பாகு நகரத்து மைதானத்துக்கு இருக்கிறது. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல மாட்டேன். அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தார்.

நிற்கும் இடம்தான் இதில் பெரிய விஷயம். அன்றைக்கு நான் கோலுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கோல் இல்லை என்று பட்டது. எதிரே, மைதானத்துக்குள் நின்றவர்களுக்கு கோல் என்று பட்டது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். நம் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோட்டுக்கு மூன்று மீட்டர் முன்னால், மைதானத்துக்குள் நிற்கிறோம். பந்தின் அடிப்பகுதி கோட்டுக்கு நேர் மேலே, தரையிலிருந்து வெறும் பத்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் பார்வை சாய்வாகப் பந்தைக் கடந்து போய் அதற்குப் பின்னால் இருக்கும் மணலைத் தொடுகிறது. தொடும் இடம் கோட்டிலிருந்து 21 சென்டிமீட்டர் உள்ளே. கிட்டத்தட்ட ஒரு முழுப் பந்தின் அகலம். கோட்டின் மேலேயே இருக்கும் பந்து நமக்கு ஒரு பந்து அளவு உள்ளே போய்விட்டதாகத் தெரிகிறது. கோலுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் நிற்பவருக்கோ அதே 21 சென்டிமீட்டர் எதிர்ப்பக்கம் தள்ளித் தெரியும். ஒரே பந்து, ஒரே நொடி, இரண்டு பேர் கண்ணுக்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு பந்து வித்தியாசம். நான் சொன்ன முடிவு சரியாக இருந்தது உண்மை. ஆனால் நான் நின்ற இடமும் தவறான இடம்தான். அங்கிருந்து பார்த்தால் உண்மையான கோலையும் கோல் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரியான இடம் ஒன்றே ஒன்று. கோட்டை அப்படியே பக்கவாட்டில் நீட்டினால் வருகிற இடம். அங்கே நின்றால் பக்கத்துக் கம்பு தூரத்துக் கம்பை மறைத்துவிடும். இதை எங்கள் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலில் போனவர் யாரைக் கேட்டாலும் சொல்வார், கரையில் தெரிகிற இரண்டு அடையாளத்தை ஒன்றன் பின் ஒன்றாக வைத்துத்தான் வழி பிடிப்பது. முன்னால் ஒரு பனை, பின்னால் ராமேஸ்வரம் டிவி டவர். இரண்டும் ஒட்டி நிற்கும்வரை படகு அந்தக் கோட்டில் இருக்கிறது. கொஞ்சம் விலகினாலும் இரண்டும் பிரிந்துவிடும். இன்னொரு திசையில் இன்னொரு ஜோடி, பாம்பன் கலங்கரை விளக்கமும் அதற்கு முன்னால் ஒரு கட்டடமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற புள்ளியில்தான் பாறையும் மீனும்.

பெரிய மைதானங்களில் இருக்கும் கோல் கோட்டு தொழில்நுட்பம் செய்வது இதே வேலையைத்தான், பல மடங்கு வேகத்தில். ஒவ்வொரு கோலுக்கும் ஏழு கேமராக்கள், மைதானத்தைச் சுற்றி உயரமான இடங்களில் வெவ்வேறு கோணத்தில் இருக்கும். 2014 பிரேசில் உலகக் கோப்பையில் வைத்தவை நொடிக்கு 500 படம் எடுத்தன. ஒவ்வொரு கேமராவும் தன் படத்தில் பந்தைக் கண்டுபிடித்து, தன்னிடமிருந்து பந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒரு கோடு இழுக்கும். ஒரு கோடு போதாது, பந்து அந்தக் கோட்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது கேமராவின் கோடு அதை வெட்டும்போது இடம் கிடைத்துவிடும். மூன்றாவதும் நாலாவதும் பிழையைக் குறைக்கும். பந்து முழுதாகக் கடந்தது என்று கணினி கண்டால் ரெஃப்ரியின் கைக்கடிகாரம் அதிர்ந்து, கோல் என்று காட்டும். ஒரு நொடிக்குள் அது நடக்க வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது.

நொடிக்கு 500 படம் எதற்கு? வீட்டில் டிவியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துச் சண்டை போடுகிறவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நொடிக்கு 25 படம் ஓடும் ஒளிபரப்பில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் பந்து ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் போய்விடும். பந்து கோட்டைத் தாண்டித் திரும்பியதே அந்த இடைவெளிக்குள் முடிந்திருக்கலாம். 500 படம் என்றால் இடைவெளி 4 சென்டிமீட்டர். மிச்சத்தைப் பந்தின் பாதையை வைத்துக் கணினி நிரப்பிக்கொள்ளும்.

இவ்வளவும் வந்ததற்கு ஒரு பெரிய தவறு காரணம். 2010 ஜூன் 27, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபோன்டைன். ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து பாரில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே குத்தி வெளியே வந்தது. உலகமே டிவியில் பார்த்தது, கோல் கொடுக்கப்படவில்லை. தொலைவிலிருந்து அடிக்கும்போது துணை நடுவர் தடுப்பாட்டக்காரர்களுக்கு நேராக, கோட்டிலிருந்து பல மீட்டர் தள்ளி நிற்பார். ஆஃப்சைடு பார்ப்பதும் அவர் வேலைதானே, இரண்டு இடத்தில் ஒருவர் எப்படி நிற்பார்? 2012 ஜூலையில் விதி வகுக்கும் குழு இந்தத் தொழில்நுட்பத்தை அனுமதித்தது.

ஆனால் கேமராவும் ஒரு கண்தான், மறைத்தால் தெரியாது. 2020 ஜூனில் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கும் நடந்த ஆட்டத்தில் வில்லாவின் கோல்கீப்பர் நைலண்ட் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். கீப்பர், தடுப்பாட்டக்காரர், கம்பம் எல்லாம் சேர்ந்து ஏழு கேமராவையும் மறைத்துவிட, கடிகாரம் அதிரவில்லை. ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. அந்த வருடம் வில்லா ஒரே ஒரு புள்ளியில்தான் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. கருவியை நடத்திய ஹாக்-ஐ நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. செலவும் சின்னதல்ல, ஸ்பெயினின் பெரிய லீகான லா லிகாவே இதை வைத்துக்கொள்ளாமல் 2024 ஏப்ரலில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா ஆட்டத்தில் பார்சிலோனா வீரர் லமீன் யமாலின் கோல் சர்ச்சையில் மாட்டிக்கொண்டது.

எங்கள் கரையில் ஏழு கேமராவுக்கு வழியில்லை. டீக்கடையில் பேசி முடிவு செய்தது இதுதான். கோல் கம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, கயிற்றுக்கு நேராக, மூன்றாவதாக ஒரு கம்பு நட்டோம். அதன் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும், ஓடக் கூடாது, வேறு எதையும் பார்க்கக் கூடாது. மூன்று கம்பும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பந்து முழுதாகத் தாண்டி, கம்புக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் கையைத் தூக்க வேண்டும். நாற்பது வருடம் கடலுக்குப் போன ஒரு பெரியவரை உட்கார வைத்தோம். முதல் நாள் அவர் உட்காரும் முன்பே, "தம்பி, நடுக் கம்பு ரெண்டு விரல் வெளிய நிக்குது, சரியா நடு" என்றார். பிடுங்கி மறுபடி நட்டோம்.