மூன்றே நாளில் முட்டுவலி போயிற்றா? அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்டுங்கள்

இந்த வருடத்தில் நோயாளிகள் என்னிடம் கொண்டுவந்ததில் இது ஐந்தாவது டப்பா. வெள்ளை பிளாஸ்டிக், லேபிள் கிடையாது, உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பொடி, காலையும் மாலையும் அரை ஸ்பூன் வெந்நீரில். கொண்டுவந்த பாட்டிக்கு 68 வயது. கோயில் கொடைக்குப் போன இடத்தில் ஒரு வேனில் விற்றார்களாம். வாங்கிச் சாப்பிட்ட மூன்றாம் நாளே மாடிப்படி ஏறிவிட்டாராம். அப்புறம் எட்டு மாதம் விடாமல் சாப்பிட்டிருக்கிறார், தெருவில் இன்னும் நான்கு பேருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

என் முன்னால் வந்து உட்காரும்போது முகம் பௌர்ணமி மாதிரி உருண்டிருந்தது. முன்கையெல்லாம் கன்றிப்போன ஊதாத் திட்டுகள். நாற்காலியிலிருந்து எழ மருமகள் தூக்கிவிட வேண்டியிருந்தது. சர்க்கரை 340. "பாட்டி, இந்தப் பொடி என்னது?" என்றால், "இதுல கெமிக்கல் ஒண்ணும் இல்ல மக்களே, வெறும் பச்சிலைதான்" என்கிறார்.

நாகர்கோவில் பக்கம் ஆயுர்வேத மருத்துவம் பார்க்கிறவள் நான். என் சொந்தத் துறையின் பெயரைச் சொல்லி விற்கப்படுவதைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதனால் கோபம் கொஞ்சம் கூடவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேய்ந்த மூட்டின் வலியை மூன்று நாளில் நிறுத்தும் பச்சிலை எதையும் எங்கள் கல்லூரியில் சொல்லித்தரவில்லை. நாங்கள் கொடுக்கும் யோகராஜ குக்குலுவோ (குக்குலு என்பது ஒரு மரப்பிசின்) மகாராஸ்நாதி கஷாயமோ வேலையைக் காட்ட மூன்று வாரமாவது ஆகும் (அதனால்தான் பாதிப் பேர் இரண்டாவது வாரமே காணாமல் போய்விடுகிறார்கள்). மூன்று நாளில் வலி மாயமானால், அந்தப் பொடியில் ஸ்டீராய்டையோ டைக்ளோஃபினாக் மாதிரி வலிமாத்திரையையோ அரைத்துக் கலந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பாட்டியின் முகமும் தோலும் சர்க்கரையும் ஸ்டீராய்டு என்றே சொல்லின. இதில் கொடுமை என்னவென்றால், மாதக்கணக்கில் போகும் ஸ்டீராய்டு தொடைச் சதையைக் கரைக்கும், எலும்பையும் பலவீனமாக்கும். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் தொடைச் சதைதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே பொடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். பல மாதம் ஸ்டீராய்டு போன உடம்பு, தான் சுரக்க வேண்டிய கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்காமல் நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியும் மயக்கமுமாக ஐசியுவில் போய் முடியலாம். போன வருடம் ஒரு பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. டப்பாவோடு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அவர் ரத்தத்தில் கார்டிசால் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைப்பார். பாட்டியையும் அன்றே அப்படித்தான் அனுப்பினேன். அலோபதிக்கு அனுப்பிவிட்டேன் என்று மருமகளுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். இருக்கட்டும்.

இப்போது என்னை உண்மையிலேயே எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "ஆயுர்வேதத்துக்குப் பக்கவிளைவே கிடையாது." இதைச் சொல்லாத நோயாளி இல்லை, விளம்பரம் இல்லை, சில சமயம் என் சக மருத்துவர்களே சொல்கிறார்கள். உடம்பில் ஒரு வேலை செய்கிற பொருள் வேண்டாத வேலையும் செய்யலாம், எதுவுமே செய்யாத பொருளுக்குத்தான் பக்கவிளைவு இருக்காது. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. கொடிய விஷமும் முறையாகச் சேர்த்தால் நல்ல மருந்து, மருந்தும் தவறாகக் கொடுத்தால் கொடிய விஷம் என்று சரக சம்ஹிதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டது. குக்குலு சிலருக்கு வயிற்றுப்போக்கும் தோலில் தடிப்பும் தரும். அரிஷ்டங்கள் என்ற புளிக்கவைத்த திரவ மருந்துகளில் வெல்லமும் உண்டு, தானாகப் புளித்து வரும் ஆல்கஹாலும் உண்டு, சர்க்கரை நோயாளி டானிக் மாதிரி குடிக்கக் கூடாது. சேராங்கொட்டை சேர்ந்த மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்குக் கொப்புளம் போடும். இன்னொன்று, யோகராஜ குக்குலு வேறு, மகாயோகராஜ குக்குலு வேறு. இரண்டாவதில் ஈயம் உள்படப் பல உலோகங்களின் பஸ்மமும் (புடம் போட்ட சாம்பல்), பாதரசத்தில் செய்த ரசசிந்தூரமும் சேரும். 'மகா' என்றால் இன்னும் நல்லது என்று நினைத்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்குகிற பெரியவர்களைப் பார்த்து எனக்குத் தலை சுற்றுகிறது, அதுவும் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவர்கள்!

பயனில்லை என்று சொல்ல வரவில்லை. முட்டுத் தேய்மானத்துக்கு ஆயுர்வேத மருந்துக் கலவைகளை செலிகாக்சிப் என்ற வலிமாத்திரை, மூட்டுக்கென்று கொடுக்கும் குளுக்கோசமைன் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, 440 பேரிடம் 24 வாரம் நடத்திய ஆய்வு 2013இல் வந்தது. வலி குறைந்ததில் ஏறக்குறைய சமம்தான். ஆனால் அதே ஆய்வில் ஆயுர்வேத மருந்து எடுத்த சிலருக்குக் கல்லீரல் என்சைம் ஏறியது, மருந்தை நிறுத்தியதும் இறங்கியது. முதல் பாதியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நான் கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை எழுதினால், "ஆயுர்வேத டாக்டருக்கு எதுக்கு பிளட் டெஸ்ட்?" என்று கேட்கிறார்கள். இதற்குத்தான்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வயதானவரின் முட்டில் காற்றடைத்த தோல்பை போல வீக்கம், மடக்கும்போதும் நீட்டும்போதும் வலி, இந்த முட்டுத் தேய்மானத்தைச் சந்திகத வாதம் என்கிறோம். இதற்கு எண்ணெயும் சூடும் நன்றாகக் கேட்கும். தன்வந்தரம் குழம்போ (இதுவும் மருந்தெண்ணெய்தான்) கொட்டஞ்சுக்காதித் தைலமோ இளஞ்சூட்டில் தடவலாம். உளுந்துமாவில் வரம்பு கட்டி முட்டின் மேல் வெதுவெதுப்பான எண்ணெயை அரை மணி நேரம் நிறுத்தும் ஜானுவஸ்தி பலருக்குச் சில மாதம் நிம்மதி தருகிறது. குருத்தெலும்பு வளராது, வளரும் என்று சொல்கிறவரிடம் பணம் கட்டாதீர்கள். ஆனால் காலையில் எழுந்ததும் விரல் மூட்டெல்லாம் ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு, வீங்கி, பசியும் செத்துப்போயிருந்தால் அது வேறு நோய். நாங்கள் ஆமவாதப் பக்கம் (முடக்குவாதம் மாதிரியான மூட்டு வீக்க நோய்) யோசிப்போம், அங்கே எண்ணெய் தேய்த்தால் வீக்கம் கூடும். எண்ணெய் இல்லாமல், சூடான மணலைத் துணியில் கட்டிய மணல் கிழியால் ஒத்தடம் கொடுப்பதுதான் முறை, கூடவே முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். 'எல்லாம் வாதம்தான், எண்ணெய் போடு' என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னால் அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரே மூட்டு மட்டும் சிவந்து கொதித்து, காய்ச்சலும் இருந்தால் என்னிடம்கூட வர வேண்டாம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சர்க்கரையால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. கிழி ஒத்தடம் கொடுக்கும் முன் வீட்டில் ஒருவர் தன் முன்கையில் வைத்துப் பாருங்கள். கொப்புளத்தோடு வந்து நின்றவர்களை எண்ணி முடியாது.

மருந்து வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். ஆயுர்வேத மருந்து என்ற சொல், சேர்மானங்கள், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருந்தாக வேண்டும், சட்டமே அப்படித்தான். "பரம்பரை ரகசியம்" என்றால் வாங்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்களிடம் அதை மறைக்காதீர்கள். கஷாயம் குடிப்பதை உங்கள் இதய மருத்துவரிடமும் மறைக்காதீர்கள், திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் யாரும் கேட்க விரும்பாதது. ஒரு கிலோ எடை குறைந்தால் நடக்கும்போது முட்டின் மேல் ஏறும் பாரம் காலடிக்கு நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து விநாடி நிறுத்துங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். ஊன்றுகோல் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில். அரிவாள்மணையோடு தரையில் உட்காராமல் மேசையில் வைத்து நறுக்குங்கள். "தேய்ஞ்சுபோச்சு, நடக்காதே" என்று பெற்றவர்களை நாற்காலியில் கட்டிப்போடாதீர்கள். இதற்கெல்லாம் காசு கிடையாது, அதனாலேயே யாரும் செய்வதில்லை.

பாட்டி நேற்று போன் பண்ணினார். சர்க்கரை 210க்கு இறங்கியிருக்கிறது, முட்டுவலி திரும்பி வந்துவிட்டது, திட்டினார். அந்த வலிக்கு இனிமேல்தான் வைத்தியம் தொடங்க வேண்டும். பொடி வாங்கிய மற்ற நான்கு பேரின் வீட்டையும் கேட்டு வைத்திருக்கிறேன்.